பைக்கில் மூவர்ணம்: டிசைன் போடுவதிலிருந்து கிளியர் கோட் வரை

ஆகஸ்ட் 15 நெருங்கினால் தெருவில் பாதி பைக்கில் கொடி ஸ்டிக்கர் ஏறிவிடும். நாலு மழை பெய்ததும் ஓரம் கிளம்பும், தீபாவளிக்குள் கிழிந்து தொங்கும். அதைப் பார்த்துச் சலித்தவர்கள், "ஒரேயடியாகப் பெயிண்டாகவே அடித்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். தாராளமாக அடிக்கலாம். ஆனால் இந்த வேலையில் ஆட்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். தேசியக் கொடியை அப்படியே டேங்கில் வரைந்து சட்டச் சிக்கலை விலைக்கு வாங்குவது ஒன்று. நிறத்துக்கு ஆசை ஆசையாகச் செலவழித்துவிட்டு, அதற்கு அடியிலும் மேலேயும் இருக்க வேண்டிய பூச்சில் காசை மிச்சம் பிடிப்பது இன்னொன்று. இரண்டையும் தவிர்த்துவிட்டால் பத்து வருஷம் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கும்.

புல்லட், கிளாசிக் மாதிரி இரும்பு டேங்க் உள்ள ராயல் என்ஃபீல்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கும் முறை இதேதான். பிளாஸ்டிக் பாகம் அதிகமாக இருந்தால் வேலை கொஞ்சம் மாறும், அதையும் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்க 1971-இல் ஒரு சட்டம் வந்தது. பொது இடத்தில் கொடியை அவமதித்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தச் சட்டத்தில் கொடி என்றால் துணி மட்டும் இல்லை. கொடியின் படம், ஓவியம், எந்தப் பொருளின் மேலும் தெரியும் அதன் உருவம், அதன் ஒரு பகுதி, எல்லாமே கொடிதான். கூடவே, கொடியை வாகனத்தின் மேற்புறத்திலோ பக்கங்களிலோ பின்புறத்திலோ போர்த்தக் கூடாது, கொடியின் மேல் எதையும் எழுதக் கூடாது, வேண்டுமென்றே காவி கீழே வரும்படி காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. கொடியை எதையாவது வாங்கவோ கொடுக்கவோ சுமக்கவோ பயன்படும் கலமாக ஆக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு. பெட்ரோல் டேங்க் என்பதே ஒரு கலம்தானே என்று கேட்க ஒரு வக்கீல் போதும்.

இதை வைத்துப் பெயிண்ட் அடித்தவரைத் தண்டிக்க முடியுமா என்றால், நோக்கம் என்ன என்பதையும் கோர்ட் பார்க்கும். 2013 கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரில் ஒரு விழாவில் அசோகச் சக்கரத்தோடு மூவர்ணக் கேக் வெட்டினார்கள். அதன் மேல் எழுந்த வழக்கை 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவமதிக்கும் எண்ணம் அங்கே இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். கேக் வெட்டியவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, சரி. ஆனால் வருவதற்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு டேங்க் டிசைனுக்காக அவ்வளவு காலம் கோர்ட் படி ஏற யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அதனால் என் யோசனை: கொடியை வரையாதீர்கள், கொடியின் மூன்று நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 3-க்கு 2 அளவில் நீள்சதுரம் வேண்டாம், மூன்று பட்டையும் ஒரே அகலத்தில் வேண்டாம், நடுவில் சக்கரம் வேண்டாம். ஓடும் கோடுகளாக, தூரிகை வீச்சாக, டேங்கின் வளைவோடு போகும் பட்டைகளாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு பகுதியும் கொடிதான்" என்று சட்டம் சொல்வதால் இதிலும் யாராவது வாதம் கிளப்பலாம். ஆனாலும் முழுக் கொடிக்கும் மூவர்ணக் கோட்டுக்கும் உள்ள தூரம், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தும்போது நன்றாகவே தெரியும். "ஜெய் ஹிந்த்" எழுத ஆசையா? சைடு பாக்ஸில் தனியாக எழுதுங்கள், மூவர்ணத்தின் மேல் வேண்டாம்.

ஹேண்டில்பாரில் நிஜக் கொடியைக் கட்டிக்கொண்டு போவது வேறு கதை. மோட்டார் காரில் தேசியக் கொடி பறக்கவிடும் உரிமை யார் யாருக்கு என்று 2002-இன் கொடி விதித் தொகுப்பு ஒரு பட்டியலே தருகிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், பிரதமர், முதலமைச்சர்கள், நீதிபதிகள் என்று போகும் அந்தப் பட்டியலில் நாம் இல்லை.

அடுத்தது ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. வண்டியின் நிறம் அதில் பதிவாகியிருக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கறுப்பு வண்டி கறுப்பாகவே இருந்து டேங்கில் மட்டும் பட்டை ஓடினால் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. வண்டியையே வெள்ளையாக மாற்றி அதன் மேல் காவியும் பச்சையும் அடிப்பதாக இருந்தால், வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, முடிந்த பிறகு ஆர்.சி.யில் நிற மாற்றத்தைப் பதியச் செய்யுங்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்துவிட்டது. வண்டி லோனில் இருந்தால் கடன் கொடுத்தவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்தில் டேங்க் நசுங்கும்போது சாதாரண டேங்க்கின் விலைதான் கணக்கில் வரும்.

தேசபக்தி டிசைன் என்றதும் பலர் "ராணுவப் பச்சை அடித்து, அதன் மேல் மூவர்ணக் கோடு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அதை நேரடியாகவே தடை செய்கிறது. அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். நம்பர் பிளேட்டிலும் எந்த நிறமும் எந்தப் படமும் கூடாது.

டிசைன் போடும்போது

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்கின் நடு உயரத்துக்குக் கேமராவை வைத்து இரண்டு பக்கமும் நேராகப் படம் எடுங்கள். பிரின்ட் போட்டு அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும் டிசைன், முட்டியைத் தாங்கும் ரப்பர் பேடு வந்ததும் பாதி மறைந்துபோகும். ரைடர் உட்கார்ந்த பிறகு எது தெரியும், எது தெரியாது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டைகளை எப்போதும் வண்டியின் நீளவாக்கில் ஓட விடுங்கள், இரண்டு பக்கமும் காவி மேலே. மேலிருந்து கீழே இறங்கும் நெடுக்குப் பட்டையாக வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். காவி முன்னால் வரும்படி இரண்டு பக்கமும் அடித்தால், இடப்பக்கம் நிற்பவருக்கு அது ஐவரி கோஸ்ட் கொடி, வலப்பக்கம் நிற்பவருக்கு அயர்லாந்து கொடி. நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளைப் பட்டையை அகலமாக விட்டு அதன் நடுவில் ஏதாவது சின்னம் வைத்தால், தேர்தல் நேரத்தில் உங்கள் வண்டி கட்சிக்காரர் வண்டியாகிவிடும். வெள்ளை மெலிதாக, காவியும் பச்சையும் வேறு வேறு அகலத்தில், பின்பக்கம் போகப் போகக் கூர்மையாக முடியும்படி வைத்தால் இந்தக் குழப்பம் எதுவும் வராது.

பெட்ரோல் மூடியைச் சுற்றி 24 ஆரம் வரைந்து அதையே அசோகச் சக்கரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். பங்க்கில் அந்தச் சக்கரத்தைத் திறந்து உள்ளே நாசிலைச் செருகும் காட்சியை யோசித்துப் பார்த்தால் ஆசை போய்விடும். நீலம் எங்காவது வேண்டும் என்றால், கறுப்புக்கும் காவிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கருநீலக் கோடு போதும்.

எந்தப் பாகத்தில் அடிப்பது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. டேங்க், ஹெட்லைட் மூடி, சைடு பாக்ஸின் மேல்பாதி, இவை போதும். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி, செயின் கவர், சேறு தெறிக்கும் எந்த இடமும் வேண்டாம். சீட் கவர் வேண்டவே வேண்டாம். மூவர்ணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது.

நிறத்தைப் பிடிப்பது

செல்போன் திரையில் தெரியும் காவியை நம்பிப் பெயிண்ட் கலக்காதீர்கள். ஒவ்வொரு திரையிலும் அது வேறு மாதிரி இருக்கும். கதர்க் கடையில் ஒரு சிறிய கொடி வாங்கி, பெயிண்ட் மிக்ஸிங் கடைக்கு எடுத்துப்போய், வெயிலில் வைத்து ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாக இருக்கும் காவி, வெளியே வந்தால் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்து கிளியர் (நிறத்துக்கு மேல் போடும் நிறமில்லாத பூச்சு) ஏறியதும் இன்னொரு நிறம் என்பதால், ஒரு தகரத் துண்டில் அடித்துக் கிளியரும் போட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

பளபளப்புக்காகப் பேர்ல் வெள்ளை கேட்பவர்கள் உண்டு. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு அடியில் ஒரு வெள்ளை, மேலே பேர்ல், அதற்கு மேல் கிளியர் என்று அடுக்கு கூடும். நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து நிறம் பொருத்துவது பெரும்பாடு. சாதா வெள்ளையே நல்லது. காவியில் மட்டும் கஞ்சம் வேண்டாம். மலிவான ஆரஞ்சு நிறமி வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வாகனத்துக்கென்றே வரும் பேஸ்கோட்டில் (கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சு) கலக்கச் சொல்லுங்கள்.

பெயிண்டரிடம் என்ன கேட்பது

ஊரில் நல்ல பெயிண்டர் யார் என்று புல்லட் மெக்கானிக்கிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. சென்னை என்றால் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைப்பார். அவர் இப்போது முடித்த வண்டியைக் காட்டினால் போதாது, இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அடித்த வண்டி ஏதாவது பக்கத்தில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். புதுப் பெயிண்ட் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு கேள்வி.

"அண்ணே, டேங்குக்கு மேல என்ன போடுவீங்க?"

"டூகோ அடிச்சு லேக்கர் போட்டா போதும் தம்பி, கண்ணாடி மாதிரி நிக்கும்."

இப்படிப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். டூகோவும் இந்த லேக்கரும் நைட்ரோசெல்லுலோஸ் வகை. சீக்கிரம் காயும், விலையும் குறைவு, ஆனால் பெட்ரோல் பட்டால் கரையும். பங்க்கில் நிரப்பும்போது நாலு சொட்டு வழியாத டேங்க் உலகத்தில் இல்லை. மூடியைச் சுற்றி முதலில் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், அப்புறம் உங்கள் காவி துணியோடு வந்துவிடும். பூச்சை இறுக வைக்கும் ஹார்ட்னர் என்ற திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் டேங்குக்கு வேண்டும். எழுதித் தரும் எஸ்டிமேட்டில் இது இருக்கட்டும். கூடவே ப்ரைமர் (நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு) என்ன, கிளியர் எத்தனை கோட், பழைய பெயிண்டைச் சுரண்டுவாரா அல்லது தேய்த்து மேலேயே அடிப்பாரா என்பதையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். "மொத்தமா இவ்வளவு" என்று சொல்லும் இடத்தில்தான் ப்ரைமர் காணாமல்போகும்.

நாள் கணக்கும் முக்கியம். சுதந்திர தினத்துக்கு வண்டி வேண்டும் என்றால் ஜூன் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொண்டுபோனால் அவசர வேலைதான் கிடைக்கும். குடியரசு தினத்துக்கு என்றால் இன்னும் சிக்கல். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் கடற்கரை மாவட்டங்களை ஈரமாகவே வைத்திருக்கும். அந்த நாட்களில் ஷெட்டில் அடிக்கும் பெயிண்ட் வெளுத்துப்போகலாம், கம்ப்ரசர் குழாயில் சேரும் தண்ணீர் துளித் துளியாகத் தெறிக்கலாம். பெயிண்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை (பூத்) உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் மழை முடியட்டும்.

அடியில் செய்யும் வேலை

பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்கை இறக்குங்கள். பெட்ரோல் இல்லாத டேங்க்தான் அதிக ஆபத்தானது. உள்ளே ஆவி நிறைந்திருக்கும், ஒரு தீப்பொறி போதும். மூடியைத் திறந்து நிழலில் காற்றோட்டமாக வைத்து, பிறகு எல்லாத் துவாரங்களையும் டேப்பால் அடைக்க வேண்டும். பேட்ஜ், ரப்பர், மூடி எல்லாம் கழன்றே ஆக வேண்டும். பேட்ஜைச் சுற்றி டேப் ஒட்டி அடிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எல்லாப் பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் பிளாஸ்டிக்காக இருக்கும், அல்லது யாரோ முன்பு தடிமனாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிய இடமாக இருக்கும். பிளாஸ்டிக்குக்குத் தனியாகப் பிளாஸ்டிக் ப்ரைமர் வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் செதில் செதிலாக உரியும். பழைய வண்டியை வாங்கியவர்களுக்கு இந்தக் காந்தச் சோதனை வேறு பல ரகசியங்களையும் சொல்லும்.

கம்பெனிப் பெயிண்ட் உறுதியாக இருந்தால் இரும்பு தெரியச் சுரண்ட வேண்டியதில்லை. 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்தால் போதும். துரு, கொப்புளம், பழைய ரீபெயிண்ட் இருந்தால் மட்டும் இரும்பு வரை எடுக்க வேண்டும். இரும்பு தெரிந்த அன்றே எபாக்ஸி ப்ரைமர் ஏறிவிட வேண்டும். சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் பழுப்பு படிந்திருக்கும்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, எண்ணெய்ப் பசையை எடுக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு துணியால் தடவி, இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். பாலிஷில் இருக்கும் சிலிக்கான் ஒரு துளி மிச்சம் இருந்தாலும், பெயிண்ட் அந்த இடத்தில் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். பெயிண்டர்கள் இதை மீன்கண் என்பார்கள்.

பட்டி விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பட்டி காய்ந்ததும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். தூசி பறக்காது, சீக்கிரம் வழுவழுப்பாகும். ஆனால் பட்டி தண்ணீரைக் குடிக்கும். அந்த ஈரம் ப்ரைமருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, நாலு மாசம் வெயிலில் நின்ற பிறகு கொப்புளமாக எழும். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், முதலில் 80, பிறகு 180, முடிவில் 320 நம்பர் பேப்பர். தண்ணீர் எல்லாம் ப்ரைமர் ஏறிய பிறகு. பட்டியின் கனமும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைவிடப் பெரிய நசுங்கல் என்றால் டிங்கரிங்கில், அதாவது தகரத்தைத் தட்டி, எடுக்க வேண்டும்.

மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் ப்ரைமர் சர்ஃபேசர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டைப் பனி மாதிரி மெல்லத் தூவிவிட்டு, கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு மிச்சம் நிற்கும். நேரான பட்டை அடிக்கப்போகும் டேங்கில் இது மிகவும் அவசியம். ஒரே நிறத்தில் கண்ணுக்குப் படாத பள்ளம், மூன்று கோடு ஓடும்போது நெளிந்து காட்டிக்கொடுக்கும். கடைசியாக 600-இல் முடித்துவிட்டு நிறத்துக்குப் போகலாம்.

மூன்று நிறம் ஏறும் வரிசை

காவிக்கு மறைக்கும் சக்தி குறைவு. கறுப்பின் மேலோ சாம்பல் ப்ரைமரின் மேலோ நேராக அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் செங்கல் நிறமாகத்தான் இருக்கும். அதனால் மூவர்ணம் வரும் பகுதி முழுவதையும் முதலில் வெள்ளையாக்க வேண்டும். வெள்ளைக்கும் அவசரம் ஆகாது. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழியும், மெலிதாகப் பல கோட்டாக ஏற்றி, ஒவ்வொன்றும் மங்கலாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் போட வேண்டும்.

வெள்ளை நன்றாகக் காய்ந்ததும், நடுவில் வெள்ளையாகவே நிற்க வேண்டிய பட்டையை டேப்பால் மூடுங்கள். இங்கே சாதா மஞ்சள் மாஸ்கிங் டேப் உதவாது. அது வளைவில் சுருங்கும், ஓரம் ரம்பம் மாதிரி வரும். வளையக்கூடிய பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப், மூன்று அல்லது ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். கோட்டை அதில் போட்டுவிட்டு, அதன் வெளிப்பக்கம் மஞ்சள் டேப்பும் பேப்பரும் ஒட்டலாம். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் ராத்திரி அது தன் நீளத்துக்குத் திரும்பச் சுருங்கி, வளைவில் எழுந்துகொள்ளும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர ஒரு சுலப வழி. ஒரு பக்கம் டேப் போட்டு முடித்ததும், டிரேசிங் பேப்பரை அதன் மேல் வைத்துக் கோட்டை எடுத்து, தாளைத் திருப்பி மறுபக்கம் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்கின் நடுத் தையலிலிருந்து அளந்து பொருத்த வேண்டும். பிறகு நாலடி தள்ளி வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். அளவுகோல் சரி என்று சொன்னாலும் கண் இல்லை என்று சொன்னால், கண் சொல்வதைக் கேளுங்கள்.

டேப்புக்கு அடியில் நிறம் கசிவதுதான் எல்லோருக்கும் பயம். அதற்குப் பழைய பெயிண்டர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். காவியை அடிக்கும் முன், டேப்பின் ஓரத்தில் அதே வெள்ளையை மெலிதாக ஒரு தூவல் விடுவார்கள். கசிவதாக இருந்தால் அந்த வெள்ளை கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். வெள்ளையின் மேல் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு அடிக்கும் காவி கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும்.

காவியை முதலில் அடித்து, காய்ந்ததும் அதை மூடிவிட்டுப் பச்சைக்குப் போவது என் விருப்பம். பச்சைத் தூவல் காவியில் பட்டால் உடனே அழுக்காகத் தெரியும் என்பதால், மூடும்போது காவிப் பக்கம் பேப்பரை டேங்கின் மறுபுறம் வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு நிறமும் கையில் ஒட்டாத பதம் வந்ததுமே டேப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மேலே தூக்காமல், தன் மேலேயே மடித்து, அடித்த பெயிண்டிலிருந்து விலகும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். மதிய வெயிலில் டேப்போடு டேங்கை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், பசை பெயிண்டிலேயே தங்கிவிடும்.

கொடி காற்றில் அலைவது மாதிரி மடிப்பு வேண்டும் என்றால் ஏர்பிரஷ் வேலை தெரிந்தவர் வேண்டும். அவரிடமும் ஒன்றைப் பாருங்கள். மடிப்பின் நிழலுக்கு எல்லா இடத்திலும் கறுப்பையே தூவுபவரா? காவியின் மேல் கறுப்பு விழுந்தால் அழுக்குச் சாயல் வரும். காவிக்குச் செம்பழுப்பு, வெள்ளைக்கு நீலம் கலந்த சாம்பல், பச்சைக்குக் கரும்பச்சை என்று நிழலை மாற்றுபவர்தான் வேலை தெரிந்தவர். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை: அலை எவ்வளவு நிஜமாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு அது பட்டையாக இல்லாமல் கொடியாகவே தெரியும். முதலில் சொன்ன சட்டக் கணக்கு அப்போது திரும்ப வரும். நான் என்றால் வெறும் பட்டையோடு நிறுத்திக்கொள்வேன்.

நிறங்கள் சேரும் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் சின்னச் சின்னப் பிசிறு எல்லாம் மறையும், வேலைக்கும் ஒரு கம்பீரம் வரும். புல்லட் டேங்கின் தங்கக் கோட்டைச் சென்னைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள். டேப், அளவுகோல் எதுவும் கிடையாது. அந்த மாதிரிக் கை உள்ளவர் உங்கள் ஊரில் இருந்தால், பழைய லாரி போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தாலும் சரி, அவரைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் ஃபைன்லைன் டேப்பே போதும்.

கிளியர் கோட்

டூ-கே கிளியரில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். கைக்குட்டையோ கொரோனா கால மாஸ்க்கோ இதை வடிகட்டாது. வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு, குறைந்தது ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்காவது வேண்டும். வீட்டு மாடியில் தானே அடித்துப் பார்க்க நினைப்பவர்கள் ப்ரைமர், நிறம் வரை செய்துகொண்டு, கிளியரை மட்டும் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள். பெயிண்டர் மாஸ்க் இல்லாமல் அடிக்கிறார் என்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை.

பட்டை அடித்த டேங்கில் கிளியர் இரண்டு கட்டமாக ஏற வேண்டும். முதலில் இரண்டு மூன்று கோட் போட்டு முழுவதும் காயவிட வேண்டும். அப்போது விரலால் தடவினால் காவிக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு மேடு தட்டுப்படும். அதை 600 அல்லது 800 நம்பர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சமமாகத் தேய்த்துவிட்டு, மேலே மறுபடி இரண்டு கோட். தேய்க்கும்போது கிளியரைத் தாண்டி நிறம் வரை போய்விடக் கூடாது, டேங்கின் விளிம்புகளில் கை லேசாக இருக்கட்டும். இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பல கடைகளில் தாண்டிவிடுவார்கள். பார்க்க வித்தியாசம் தெரியாது, கை வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தட்டும். டெலிவரி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு டேங்கைத் தடவிப் பாருங்கள். கோடு எங்கே என்று விரலுக்குத் தெரியக் கூடாது.

கலக்கும் விகிதம் டப்பாவில் எழுதியிருக்கும். இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் பிற்பாடு பூச்சில் வெடிப்பு விழும், குறைத்தால் கடைசி வரை இளகலாகவே இருக்கும். மே மாத வெயிலில் மெதுவாகக் காயும் தின்னரைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் பெயிண்ட் டேங்கில் படுவதற்குள்ளேயே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக உட்காரும். லேசான சொரசொரப்பை 1500, 2000, 3000 என்று பேப்பரை ஏற்றிக்கொண்டே போய்த் தேய்த்து, பளபளப்பு தரும் காம்பவுண்ட் போட்டு எடுத்துவிடலாம்.

மூடியின் கழுத்தை மறக்காதீர்கள். வாய் ஓரம் உள்பக்கம் வரை கிளியர் மடிந்து போயிருக்க வேண்டும். பெட்ரோல் நுழைவது அந்த ஓரத்தில்தான்.

மாட்டிய பிறகு

தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் கிளியர் உள்ளுக்குள் இறுக வாரக் கணக்கில் ஆகும். முதல் ஒரு மாதம் வாக்ஸ், பாலிஷ் எதுவும் வேண்டாம், டேங்க் கவர் போட வேண்டாம், டேங்க் பேக் கட்ட வேண்டாம். பெட்ரோல் சிந்தினால் தேய்க்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காக்காய் எச்சத்தை உலர விடாதீர்கள். அப்புறம் சாதாரண ஷாம்புத் தண்ணீர் போதும். வெயிலில் நிறுத்துவதைக் குறைத்தால் காவி நீண்ட நாள் தாங்கும்.

கிழிந்த, கசங்கிய கொடியைக் காட்டக் கூடாது என்பது கொடி விதித் தொகுப்பில் உள்ள விதி. நீங்கள் அடித்திருப்பது கொடி இல்லைதான். ஆனாலும் பாதி உரிந்த மூவர்ணத்தோடு வண்டி ஓட்டுவது நன்றாகவா இருக்கும்? அதனால் வேலை முடியும்போதே மூன்று நிறத்திலும் மிச்சத்தைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கமாக மூடி வாங்கி வையுங்கள். ஹார்ட்னர் கலக்காத பேஸ்கோட்டாக இருக்க வேண்டும், கலந்தது மறுநாளே கல்லாகிவிடும். மிக்ஸிங் கடையில் தரும் ஃபார்முலா ரசீதைப் படம் எடுத்து, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் தாள்களோடு சேர்த்து வையுங்கள். அந்த ரசீது அச்சு ஒரு வருஷத்தில் அழிந்துபோகும்.